குடும்பக் காருக்கு இஞ்சின் ஆயில்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

என்னிடம் இருப்பது 2016 மாடல் ஹோண்டா சிட்டி, பெட்ரோல். வீடு தாம்பரத்தில், வேலை ஓஎம்ஆரில். வாரன்டி முடிந்த நாளிலிருந்து அதன் ஆயிலை நானேதான் மாற்றி வருகிறேன். சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டு அண்ணன் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் என் சிட்டியை வைத்துத்தான். டிசையர், வெர்னா, அமேஸ் வைத்திருப்பவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான், அளவுகள் மட்டும் மாறும்.

என் காருக்கு எந்த ஆயில் என்று எங்கே பார்ப்பது?

காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில். டேஷ்போர்டு அறையில் இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் பிரிக்காமலேயே கிடக்கும். கடைசிப் பக்கங்களில் அளவு விவரங்கள் உள்ள அட்டவணை ஒன்று இருக்கும். ஆயிலின் கிரேடு, தரக் குறியீடு, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்ற மூன்றையும் அதில் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் சிட்டிக்கு 0டபிள்யூ-20. ஃபில்டரோடு மாற்றினால் மூன்றரை லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். மேனுவல் தொலைந்துபோயிருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலையும் வருடத்தையும் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். வருடத்தைக் கவனமாகப் பாருங்கள். ஒரே பெயரில் ஓடும் காருக்குள் இஞ்சின் மாறியிருக்கும், அதோடு ஆயிலும் மாறியிருக்கும்.

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்கிறார்களே, அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். எண் சின்னதாக இருந்தால் கடுங்குளிரிலும் இறுகாமல் ஓடும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்கள். பின்னால் வரும் 20, 30, 40 என்பவை ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது அதன் கெட்டித்தன்மை. நம் ஊரில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். 0டபிள்யூ-20க்கும் 5டபிள்யூ-20க்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்னைக் காலை பெரிதாகக் காட்டாது.

நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானே நல்லது? மெக்கானிக் 20டபிள்யூ-50 போடச் சொல்கிறார்.

அதிகம் வந்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளியே 42 டிகிரி வெயில் அடிக்கிறது, அதனால் ஆயில் நீர்த்துப்போகும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இஞ்சினுக்குள் நடப்பது வேறு. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து கூலண்ட்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கின்றன. சூடேறியபின் ஆயிலும் 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஊட்டியில் ஓட்டினாலும் வேலூரில் ஓட்டினாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. கம்பெனிக்காரர்கள் 20 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான்.

இப்போது காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் நின்ற கார். ஆயில் முழுவதும் இஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற ஆயில் தொட்டிக்கு இறங்கிவிட்டது. நமக்கு வியர்க்கிற 30 டிகிரி கூட இஞ்சினுக்குக் குளிர்தான். சந்தையில் கிடைக்கும் 0டபிள்யூ-20 ஆயிலின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் சுமார் 45 சென்டிஸ்டோக். 20டபிள்யூ-50க்கு அதே 40 டிகிரியில் சுமார் 160. ஒன்று நல்லெண்ணெய் மாதிரி ஓடுகிறது, மற்றது வெல்லப்பாகு மாதிரி நகர்கிறது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்குப் போய்ச் சேர எது தாமதமாகும் என்று சொல்லவே வேண்டாம். ஸ்டார்ட் செய்த உடனே, எண்ணெய் முழுதாகப் போய்ச் சேராத அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம்.

இன்னொன்று. இந்தக் கால இஞ்சின்களில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறைவு. என் காரில் விடெக் இருக்கிறது, பல கார்களில் விவிடி இருக்கிறது. இவை இரண்டும் வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தை வைத்தே மாற்றுகின்றன. நூல் போன்ற சின்னத் துளைகள் வழியாக ஆயில் போக வேண்டும். அங்கே பாகு போன்ற ஆயிலை அனுப்பினால் வேலை சரியாக நடக்காது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

அப்படியென்றால் மெக்கானிக் சொல்வது பொய்யா? இல்லை. அம்பாசிடரும் பத்மினியும் பார்த்த கைகள் அவருடையவை. அந்த இஞ்சின்களுக்குக் கெட்டி ஆயில் சரியாகத்தான் இருந்தது. உங்கள் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தால், மேனுவல் இரண்டாவது தேர்வாகக் கொடுத்திருக்கும் கிரேடுக்கு, உதாரணமாக 0டபிள்யூ-20இலிருந்து 5டபிள்யூ-30க்கு, ஒரு படி ஏறலாம். அதற்கு மேல் தாவ வேண்டாம்.

மினரல், செமி சிந்தெடிக், சிந்தெடிக்: எது வாங்குவது?

0டபிள்யூ-20 கேட்கும் காருக்கு இந்தக் கேள்வியே எழாது. சாதாரண மினரல் எண்ணெயை வைத்து 0டபிள்யூ செய்ய முடியாது, ஆகவே கடையில் கிடைப்பது சிந்தெடிக்காகத்தான் இருக்கும். 5டபிள்யூ-30இல் தேர்வு உண்டு. அங்கேயும் சிந்தெடிக்கையே வாங்கச் சொல்வேன். சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவதும் குறைவு. வருடத்துக்கு ஒருமுறை செய்யும் செலவு. ஆனால் சிந்தெடிக் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டாதீர்கள். விலை உயர்ந்த ஆயிலைக் காலம் கடந்து ஓட்டுவதைவிட, சாதாரண விலையில் சரியான கிரேடு வாங்கி நேரத்துக்கு மாற்றுவது இஞ்சினுக்கு நல்லது.

கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தில் தங்க நிறத்தில் எழுதியிருப்பதை விடுங்கள். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் கிரேடு. அடுத்தது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் குறியீடு. பெட்ரோல் ஆயிலுக்கு அது 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும். 2010இல் எஸ்என் வந்தது, 2020இல் எஸ்பி வந்தது, 2025இல் எஸ்க்யூ வந்தது. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப்போகப் புதிய தரம். மேனுவல் எஸ்என் கேட்டால் எஸ்பி தாராளமாகப் போடலாம். எஸ்பி கேட்கிற காருக்கு எஸ்என் போடக் கூடாது. குறிப்பாக டர்போ பெட்ரோல் கார்களுக்கு இது முக்கியம். அவற்றில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு வரும். பிஸ்டனை உடைக்கக்கூடிய கோளாறு அது. எஸ்பி தரத்தில் அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனை உண்டு.

பிராண்ட் கடைசியாகத்தான். காஸ்ட்ரால், ஷெல், மொபில் மட்டும்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக் இரண்டிலும் இதே குறியீடுகளோடு ஆயில் வருகிறது. ஆயிலில் கலக்கும் சேர்மானங்களைத் தயாரிக்கும் இந்தியன் அடிட்டிவ்ஸ் ஆலை நம்ம மணலியில்தான் இருக்கிறது. சென்னை பெட்ரோலியமும் ஷெவ்ரானும் சேர்ந்து நடத்துவது. அழுக்கைத் தண்ணீரில் கரைந்த சோப்பு மாதிரி பிடித்து வைப்பது, துருவைத் தடுப்பது, உலோகம் உலோகத்தோடு உரசாமல் ஒரு படலமாக நிற்பது எல்லாம் அந்தச் சேர்மானங்களின் வேலை.

டீசல் காருக்கும் பெட்ரோல் காருக்கும் ஒரே ஆயில் போதுமா?

இரண்டு தரமும் ஒரே டப்பாவில் எழுதியிருந்து, உங்கள் மேனுவலும் அதை ஏற்றால் போடலாம். பிஎஸ்-6 டீசல் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அதில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் சாம்பல் குறைவான, ஏசிஇஏ சி2, சி3 போன்ற குறியீடுள்ள ஆயிலை மேனுவல் கேட்கும். அதற்கு மாற்றே கிடையாது. டிபிஎஃப் மாற்றும் செலவு, பத்து வருட ஆயில் செலவை விழுங்கிவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

மேனுவலில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றிருக்கும். அதற்குக் கீழேயே, கடினமான சூழலில் ஓட்டுபவர்கள் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று இன்னொரு வரி இருக்கும். புழுதி, நெரிசல், அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சென்னையில் ஓட்டுகிற நம்மில் பெரும்பாலானோர் அந்த இரண்டாவது வரிக்காரர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையில் திருச்சிக்கும் மதுரைக்கும் மணிக்கு 80 கிலோமீட்டரில் போய்வருகிறவருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது 125 மணி நேர ஓட்டம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சிக்னல்களில் நின்று நின்று சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு அதே பத்தாயிரம் என்பது 660 மணி நேரத்துக்கும் மேல். ஓடோமீட்டரில் ஒரே எண். ஆயில் உழைத்ததோ ஐந்து மடங்குக்கு மேல். அதனால் நான் ஐயாயிரம் முதல் ஏழாயிரத்துக்குள் மாற்றிவிடுகிறேன்.

எங்கள் கார் வருடத்துக்கு மூவாயிரம்தான் ஓடுகிறது. அதற்கும் மாற்ற வேண்டுமா?

ஆமாம், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், காய்கறி வாங்க ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும், ஈரமும் சேரும். நீண்ட தூரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். இங்கே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். வாரத்துக்கு ஒருநாள் காரை அரைமணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு வாருங்கள். வாசலில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுவது போதாது.

ஆயில் கறுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டதா?

இல்லை. அழுக்கைத் தன்னுள் பிடித்து வைக்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். என் மாமனாரின் பழைய டிசையர் டீசலில் ஆயில் மாற்றிய மறுநாளே டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி, கரிக்கட்டை மாதிரி இருக்கும், அது டீசலின் இயல்பு. பயப்பட வேண்டிய நிறம் வேறு. பால் விட்ட காபி போல வெளுத்து நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீரோ கூலண்ட்டோ கலந்திருக்கிறது. வண்டியை எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவில் இப்படி இரண்டு கார்களைப் பார்த்தேன். இஞ்சின் வரை நீரில் நின்ற காரைச் சாவி போட்டுப் பார்க்காமல் அப்படியே டோ செய்து, ஆயிலை வடித்துப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டிப்ஸ்டிக்கைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

சமதளத்தில் நிறுத்தி, சூடான இஞ்சினை அணைத்து மூன்று நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் முறை உருவும்போது தெரிவது கணக்கில்லை. இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும், மேல்குறியை ஒட்டியிருந்தால் நல்லது. மேல்குறியைத் தாண்டக் கூடாது. கூடுதலாக இருந்தால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு உயவு செய்யும் சக்தி கிடையாது. மாதம் ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முந்தின நாள் ஒருமுறை பாருங்கள்.

குறைந்திருந்தால் வேறு பிராண்ட் ஊற்றலாமா?

அதே கிரேடு, அதே தரம் என்றால் ஊற்றலாம். ஒன்றோடொன்று கலக்கும்.

சிவப்பு நிற எண்ணெய்க் குவளை விளக்கு எரிந்தால்?

உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணையுங்கள். அந்த விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். 'அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டினால் அந்தத் தூரத்துக்குள்ளேயே இஞ்சின் சீஸ் ஆகி, அதாவது இறுகி, நின்றுவிடலாம்.

சர்வீஸ் சென்டரா, தெரு மெக்கானிக்கா?

வாரன்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டர், பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில்லில் கிரேடும் லிட்டரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'இஞ்சின் ஃப்ளஷ்', 'ஆயில் ட்ரீட்மென்ட்' என்று கூடுதல் வரிகள் இருந்தால், மேனுவலில் இல்லாததை நான் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல்லலாம். வாரன்டி முடிந்த பிறகு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஆயிலும் ஃபில்டரும் நீங்களே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போலி ஆயில் வருகிறதாமே?

வருகிறது. காலி டப்பாக்களைச் சேகரித்து மறுபடி நிரப்புகிறார்கள். கார் கம்பெனியின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டர், பெட்ரோல் பங்க், ஆயில் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர், இந்த மூன்று இடங்களில் வாங்குங்கள். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்க வேண்டும். பயன்படுத்திய பிறகு காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

நானே மாற்ற முடியுமா?

முடியும். முதல் முறை இரண்டு மணி நேரம், பழகினால் நாற்பது நிமிடம். ஆனால் ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி நழுவினால் ஒன்றரை விநாடி கூடக் கிடைக்காது. ஒரு ஜோடி ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது ரேம்ப்பில் ஏற்றுங்கள். தரை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

வேண்டியவை: 17 எம்எம் ரிங் ஸ்பேனர் (சிட்டிக்கு), ஐந்து லிட்டர் பிடிக்கும் அகலமான தட்டு, புது ஃபில்டர், ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், புனல், கையுறை, பழைய துணி. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஆரம்பியுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்கச் செய்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கீழே போல்ட்டை ஸ்பேனரால் இளக்கி, கடைசிச் சுற்றுகளை விரலால், போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, சட்டென்று இழுத்துவிடுங்கள். ஆயில் முதலில் தள்ளிப் போய்த்தான் விழும், தட்டை அதற்கேற்ப வையுங்கள். சொட்டுச் சொட்டாக ஆகும்வரை பொறுமையாக விடுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முதன்முறை நானே மாற்றியபோது போல்ட் அசையவே இல்லை. நீளமான பைப்பைச் செருகி இளக்கினேன். வெளியே வந்த போல்ட்டின் மரையில் வெள்ளி நூல் போலச் சுருண்டு உலோகத் துகள் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய சர்வீஸில் யாரோ பழைய வாஷரையே போட்டு, ஒழுகக் கூடாதென்று பலம் கொண்டு முறுக்கியிருக்கிறார்கள். சம்ப்பின் மரை போய்விட்டது. லேத் பட்டறையில் புது மரை இன்சர்ட் போட வேண்டியதாயிற்று. அந்த போல்ட்டுக்குத் தேவையான முறுக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவுதான். சாதாரண ஸ்பேனரில் வாஷர் நசுங்கி உட்காருவதைக் கை உணரும், அதோடு நிறுத்திவிட வேண்டும். வாஷர் சில ரூபாய்தான், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

அடுத்தது ஃபில்டர். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். சில சமயம் இஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீச்சி அடிக்கும். ஒட்டும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் துடைத்துவிட்டு, புது வளையத்தில் துளி ஆயில் பூசிக் கையால் முறுக்குங்கள். வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று போதும்.

மேலிருந்து முதலில் மூன்று லிட்டர் ஊற்றுங்கள். டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். ஸ்டார்ட் செய்து விளக்கு அணைந்ததும் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு சொட்டுக் கூட இருக்கக் கூடாது. அணைத்துவிட்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும். தேதியையும் கிலோமீட்டரையும் மேனுவலின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். தெருவோரம் மண்ணிலும் வேண்டாம். நம் வீடுகளில் பாதி கிணற்றையும் போரையும் நம்பியிருக்கின்றன. கரையான் வராமலிருக்க நிலைக்கதவிலும் வேலிக் கம்பிலும் பூசும் வழக்கம் ஊரில் இருக்கிறது, அதுவும் மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் வருட அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, மறுசுழற்சி செய்யப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். நான் புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, தெருமுனைப் பட்டறைக்கு எடுத்துப் போகிறேன். அவர்களிடம் பீப்பாய் இருக்கிறது, அது நிறைந்ததும் வந்து வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய ஃபில்டரைத் துளை போட்டு ஒரு இரவு கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் அதோடு சேர்த்துவிடுகிறேன். டப்பாவைத் திரும்ப வாங்கி, வீட்டுக்கு வந்து கத்தியால் கிழித்துவிடுகிறேன்.